ஜன்னல் சட்டத்தில் முறிந்து நிற்கும் டிரில் பிட்

திரைச்சீலைக் கம்பிக்குக் கொக்கி வைக்கவோ கொசுவலை மாட்டவோ ஜன்னல் சட்டத்தில் துளை போடும்போதுதான் வீட்டில் அதிகம் பிட் முறிகிறது. முறிவது பெரும்பாலும் 2.5, 3, 3.5 மி.மீ. பிட்டுகள். பாதித் துண்டு மெஷினில் நிற்கும், மீதி சட்டத்துக்குள் போயிருக்கும். அந்த நொடியில் கட்டிங் பிளேயரை எடுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த நுனிதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. பக்கவாட்டில் ஆட்டினால் அதுவும் முறிந்து, துண்டு சட்டத்தின் பரப்போடு சமமாகிவிடும். அதன்பின் ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிறது.

இந்த அத்தியாயம் முழுக்க ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: காப்பாற்ற வேண்டியது ஜன்னலை, பிட்டை அல்ல. பிட் சில பத்து ரூபாய். நெளிந்த அலுமினியச் சட்டத்தையோ விரிசல் விட்ட கண்ணாடியையோ மாற்றப் போனால் செலவு ஆயிரங்களில் நிற்கும்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

உலோகத்துக்கான பிட் எச்.எஸ்.எஸ். என்ற எஃகால் ஆனது. ஜன்னல் இரும்பைவிடப் பல மடங்கு கடினம், ஆனால் வளையாது, முறியும். இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

ஒன்று, இன்னொரு எச்.எஸ்.எஸ். பிட்டை வைத்து அதைக் குடைய முடியாது. புது பிட் வழுக்கிக்கொண்டு பக்கத்திலுள்ள மெத்தென்ற இரும்பையோ அலுமினியத்தையோ தோண்டிவிடும். சாதாரண அரமும் ஹேக்சாவும் அதன்மேல் ஏறாது. முறிந்த போல்ட்டை எடுக்க விற்கும் ‘ஈஸி அவுட்’ வகைக் கருவியும் இங்கே உதவாது. அதற்கும் முதலில் நடுவில் ஒரு துளை போட்டாக வேண்டும்.

இரண்டு, சூடாக்கி மென்மையாக்கலாம் என்ற யோசனை ஜன்னலில் நடக்காது. எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை தன் கடினத்தை விடாது. ஜன்னல் அலுமினியம் அதற்குச் சற்று மேலேயே உருகத் தொடங்கிவிடும். கண்ணாடியும் பெயிண்டும் அதற்கு வெகு முன்பே போய்விடும்.

மூன்று, பிட்டைச் சுற்றி ஓடும் இரண்டு பள்ளங்கள்தான் அது மாட்டிக்கொள்வதற்கும் காரணம், வெளியே வருவதற்கும் வழி. துளையின் மறுபக்கத்தில் உலோகம் பிசிராகத் துருத்தி நிற்கும். அந்தப் பிசிர் பள்ளத்துக்குள் ஏறி, மெல்லிய தகட்டை ஒரு நட் போல ஆக்கிவிடுகிறது. மிச்ச இடத்தை உலோகச் சுருள் அடைத்துக்கொள்ளும். அதனால் நேராக இழுத்தால் வராது. கழற்றும் திசையில், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, திருகினால் வெளியே வரும். முள் ஓடும் திசையில் திருகி அழுத்தினால் உள்ளே போகும். இரண்டுமே நமக்குப் பயன்படும்.

முதலில் கவனித்துப் பாருங்கள்

1. மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை எடுத்து வையுங்கள்.

2. மெஷினில் மிஞ்சிய துண்டை அளந்து பாருங்கள். கடைகளில் கிடைக்கும் வழக்கமான 3 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 61 மி.மீ., 4 மி.மீ. பிட் 75 மி.மீ., 5 மி.மீ. பிட் 86 மி.மீ. 3 மி.மீ. பிட்டில் கையில் 41 மி.மீ. இருந்தால் 20 மி.மீ. உள்ளே நிற்கிறது. இதே அளவில் புது பிட் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

3. டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பரப்போடு சமமா, உள்ளே புதைந்ததா? முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னும். அதன் இரு ஓரத்திலும் எதிரெதிராகப் பள்ளம் தெரியும். அதில் வெள்ளிச் சுருள் அடைத்திருக்கும். பள்ளம் எந்தப் பக்கம் என்று மார்க்கரால் சட்டத்தில் இரண்டு கோடு போட்டு வையுங்கள். எண்ணெய் விட்டபிறகு கண்ணுக்குத் தெரியாது.

4. சட்டத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். யு.பி.வி.சி. ஜன்னலில் மேலே பிளாஸ்டிக் இருந்தாலும் உள்ளே இரும்புக் குழல் செருகியிருக்கும். பிட் முறிவது அதில்தான்.

5. திருப்புளியின் பிடியால் சட்டத்தைத் தட்டுங்கள். கணகணவென்றால் உள்ளே வெற்றிடம். மொத்தென்று கேட்டால் பின்னால் சிமெண்டுக் கலவை அடைத்திருக்கிறது. பழைய வீட்டு இரும்பு ஜன்னல்களில் இது சகஜம். பிட் முறிந்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்: இரும்பைத் தாண்டிய பிட் சிமெண்டில் முட்டி, முனை மழுங்கி, இறுகி நின்றிருக்கும்.

எடுத்தே ஆக வேண்டுமா?

துளையை 10–15 மி.மீ. தள்ளிப் போட முடியும் என்றால் எடுக்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. திரைச்சீலைக் கொக்கி, கொசுவலைப் பட்டை, சிறு கொண்டி எல்லாவற்றையும் அந்த அளவு தள்ளலாம், வெளியே தெரியாது. துண்டைக் கிரைண்டரால் பரப்போடு சமமாகத் தேய்த்து, மேலே பூசி மூடிவிட்டால் போயிற்று.

எடுத்தாக வேண்டிய இடங்கள் சில உண்டு. கீல், பூட்டு, கைப்பிடி போன்றவற்றில் துளையின் இடம் மாற்ற முடியாதது. நகரும் ஜன்னலின் தண்டவாளப் பள்ளத்தில் துண்டு நின்றால் சக்கரம் தட்டும். துணியும் கையும் படும் உயரத்தில் கூராக நீட்டிக்கொண்டிருந்தாலும் விட்டுவைக்கக் கூடாது.

பாதுகாப்பு

கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். எச்.எஸ்.எஸ். மேல் சுத்தியல் பட்டால் ஊசித் துணுக்காகத் தெறிக்கும். மூக்குக் கண்ணாடி போதாது. பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

கையுறையைப் பற்றிப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மெஷின் சுழலும்போது கையுறை கூடவே கூடாது. நூல் சிக்கினால் விரலைச் சுற்றி இழுத்துவிடும். மெஷினை ஓரமாக வைத்துவிட்டுத் துண்டைப் பிடித்துத் திருகும்போது கையுறை போடுங்கள், நுனி ரம்பம்போல அறுக்கும். துப்பட்டா, சேலை முந்தானை, தோள் துண்டு, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றையும் முடிந்துகொள்ளுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து டேப் ஒட்டுங்கள். கிரைண்டர் பயன்படுத்தினால் இது கட்டாயம். தீப்பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பொசுங்கி ஒட்டிக்கொள்ளும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. திரைச்சீலையையும் கொசுவலையையும் கழற்றி எடுத்துவிடுங்கள்.

மாடி ஜன்னல் என்றால் கீழே யாரும் நிற்காதபடி சொல்லி வையுங்கள். கருவிகளை ஜன்னல் திண்டில் வைக்காதீர்கள். ஆடும் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்று துளை போடுவதுதான் பிட் முறிவதற்கும் ஆள் விழுவதற்கும் பொதுவான காரணம். கால் ஊன்றி நிற்கும் ஏணி வேண்டும். மின்கருவிகளை மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் ஓட்டுங்கள். மழை ஈரம் பட்ட இரும்புச் சட்டத்தில் அன்று வேலையே வேண்டாம்.

பழைய எனாமல் பூச்சைச் சுரண்டும்போது முகக்கவசம் அணியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

முறை 1: நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்

தேவை: வைஸ் கிரிப் பிளேயர், டபிள்யூ.டி.-40 அல்லது மண்ணெண்ணெய், கனமான ஊசி, சிறிய சுத்தியல்.

1. ஊசியால் பள்ளத்தில் அடைத்த சுருளைக் கிளறி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூள் நேராகக் கண்ணுக்கு வரும். சைக்கிள் பம்பு இருந்தால் தள்ளி நின்று அடியுங்கள்.

2. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். இந்தப் பொறுமையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்ப்ரே அடித்த கையோடு திருகினால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்காது.

3. வைஸ் கிரிப்பை நுனியில் பூட்டுங்கள். தாடை சட்டத்தை ஒட்டினாற்போல இருக்கட்டும். தள்ளிப் பிடித்தால் நெம்பி முறியும். துண்டு சின்னதென்றால் சாதாரண பிளேயர் வழுக்கும், வைஸ் கிரிப்தான் பிடிக்கும்.

4. முதலில் முள் ஓடும் திசையில் ஒரு மயிரிழை திருகுங்கள். பிசிர் பிடியை விடும். பிறகு கழற்றும் திசையில் மெதுவாகத் திருகுங்கள். இப்படி முன்னும் பின்னும் அசைத்து அசைத்து, வரும் அளவுக்கு மட்டும் வெளியே இழுங்கள்.

5. அசையவே இல்லையென்றால் பிளேயரின் தலையில் துண்டின் நேர்க்கோட்டில் லேசாகத் தட்டுங்கள். மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு.

குறிப்பு: நுனி 8–10 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் டிரில் மெஷினில் பிட்டைப் பிடிக்கும் சக்கையே அதில் மாட்டி இறுக்கலாம். மூன்று பக்கமும் சமமாகப் பிடிப்பதால் பிளேயரைவிட நேராக வரும். ஆனால் சுவிட்சைத் தொடாமல், பிளக்கைக் கழற்றிய நிலையில், சக்கைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

முறை 2: உள்ளே வெற்றிடமாக இருந்தால் தள்ளிவிடுங்கள்

நுனி வெளியே இல்லை, சட்டமோ குழல்: அலுமினிய ஜன்னல்களில் பெரும்பாலும் இந்த நிலைதான். எடுக்கப் போராடுவதை விட்டு உள்ளே விழச் செய்வதே சரியான வழி. துண்டைப் பிடித்திருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தகடு மட்டுமே.

1. சுருளைக் கிளறி எடுத்து எண்ணெய் விடுங்கள்.

2. துளையைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் எடுங்கள். 3 மி.மீ. துளைக்கு 2.5 மி.மீ. பஞ்ச் சரி. இல்லாவிட்டால் அந்தத் தடிமனுள்ள கம்பி ஆணியின் கூரை அரத்தால் மழுக்கிக்கொள்ளலாம். பழைய பிட்டைப் பஞ்சாகப் பயன்படுத்தாதீர்கள், அது தெறிக்கும்.

3. சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு மரக்கட்டையை யாரையாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மெல்லிய அலுமினியம் நெளியாமல் இருக்க இது முக்கியம்.

4. சிறு சுத்தியலால், பலமின்றிப் பல தட்டு தட்டுங்கள். ஒரே ஓங்கலில் தள்ள முயன்றால் துளையைச் சுற்றிப் பள்ளம் விழும்.

5. உள்ளே ‘டிங்’ என்று விழும் சத்தம் கேட்கும்.

விழுந்த துண்டை அப்படியே விடலாமா? மேல், பக்கச் சட்டங்களில் பெரும்பாலும் விடலாம். கீழ்ச் சட்டத்தில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கும். துண்டு அதை அடைக்காதபடி பாருங்கள். அலுமினியத்துக்குள் ஈரத்தில் கிடக்கும் எஃகுத் துண்டு துருப்பிடித்துக் கறை வடிக்கும். அது படும் இடத்தில் அலுமினியத்தையும் அரிக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். அங்கே வடிகால் துளை வழியாகக் காந்தக் குச்சி விட்டு எடுத்துவிடுவது நல்லது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் துண்டு மட்டும் தனியாக ஒட்டி வரும்.

பின்னால் சிமெண்டு இருக்கும் சட்டத்தில் இந்த முறையை முயலவே வேண்டாம். துண்டு இன்னும் இறுகும்.

முறை 3: புதைந்த துண்டு, பின்னால் சிமெண்டு

பொறுமை அதிகம் கேட்பது இதுதான்.

1. இரண்டு கனமான தையல் ஊசிகள் அல்லது கடினமான எஃகுக் கம்பிகளை எடுத்து, பள்ளத்துக்கு ஒன்றாகச் செருகுங்கள். முன்பு போட்ட மார்க்கர் கோடு இப்போது கைகொடுக்கும்.

2. இரண்டையும் நோஸ் பிளேயரால் சேர்த்துப் பிடித்துக் கழற்றும் திசையில் திருகுங்கள். துண்டு லூசாக இருந்தால் கால் சுற்று, அரைச் சுற்று என்று வெளியே ஏறி வரும். ஊசி முறியலாம், கண் கவசத்தைக் கழற்றாதீர்கள்.

3. வரவில்லையென்றால் கூரான சென்டர் பஞ்சை முறிந்த முகத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் சுழலும்படி சிறு தட்டுகளாகத் தட்டுங்கள். நடுவில் தட்டக் கூடாது.

4. நுனி இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்தாலே போதும், முறை 1-க்கு மாறிவிடலாம்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் சுற்றியுள்ள உலோகத்தைச் சற்று அகற்றலாம். சிறு சுழல் கிரைண்டரில் வைரத் தூள் பூசிய மெல்லிய முனையை மாட்டி, துண்டின் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் பள்ளம் எடுத்தால் நோஸ் பிளேயரின் மூக்கு நுழைய இடம் கிடைக்கும். அதே முனையால் துண்டையே தேய்த்துக் கரைக்கவும் முடியும், நேரம்தான் பிடிக்கும். அவ்வப்போது நிறுத்தி ஆறவிடுங்கள். மின்கருவி ஓடும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கார்பைடு பிட் எச்.எஸ்.எஸ்.ஸைக் குடையும் என்பது உண்மை. ஆனால் அது ஆடாத மேசை டிரில்லில் மட்டும். கையில் பிடித்த மெஷினில் லேசாகச் சாய்ந்தாலும் கார்பைடும் உள்ளேயே முறியும், பிறகு துளைக்குள் இரண்டு துண்டுகள்.

அலுமினியத்தில் மாட்டிய எஃகைப் படிகாரக் கரைசல் கரைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கலாம். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கையாளும் வழி அது, உண்மைதான். ஆனால் பொருளைச் சூடான கரைசலில் முழுக்கி நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். சுவரில் நிற்கும் சட்டத்தில் அதற்கு வழியில்லை.

எப்போது பட்டறைக்காரரைக் கூப்பிட வேண்டும்

இரும்புச் சட்டத்தில், மாற்ற முடியாத இடத்தில், மூன்று முறையும் தோற்றால் கிரில் பட்டறையில் சொல்லுங்கள். துண்டின் மேல் வெல்டிங் பொட்டு வைத்து, ஒரு நட்டை அதில் ஒட்டி, ஸ்பேனரால் திருகி எடுப்பார்கள். எச்.எஸ்.எஸ். மேல் வெல்டிங் நன்றாகப் பிடிக்காது, ஒரு தடவையில் வராமல் போகலாம். பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றாமல் வெல்டிங் செய்ய விடாதீர்கள். சூட்டில் புட்டி கருகி, கண்ணாடி விரிசல் விடும். அலுமினியத்திலும் யு.பி.வி.சி.யிலும் இந்த வழி கிடையாது.

துளையைச் சரிசெய்வது

துண்டு வந்தபின் துளை கொஞ்சம் அகன்றுதான் இருக்கும். அதே ஸ்குரூவை மறுபடி இறுக்கினால் ஓரிரு மாதத்தில் கழன்றுவிடும். ஒரு அளவு பெரிதாகப் போங்கள்: 6-ம் எண் ஸ்குரூ 3.5 மி.மீ. தடிமன், 8-ம் எண் 4.2 மி.மீ. மெல்லிய அலுமினியத்தில் ஸ்குரூவைவிட ரிவெட் உறுதி. 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1, 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை வேண்டும்.

துளை வேண்டாம் என்றால் எம்-சீல் பிசைந்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேயுங்கள். இரும்பில் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அதன்மேல் எனாமல். பிரைமரை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் அந்தப் புள்ளியில்தான் துரு தொடங்கும். வேலைக்கு முன் விட்ட எண்ணெயைத் தின்னரால் துடைக்காமல் எதுவும் ஒட்டாது.

அடுத்த துளை முறியாமல் போட

வீட்டு மெஷினோடு வரும் பெட்டியில் கான்கிரீட் பிட்டும் உலோக பிட்டும் கலந்தே கிடக்கும். கான்கிரீட் பிட்டின் முனையில் சற்று அகன்ற, வேறு நிறத்துத் துண்டு பதித்திருக்கும். அது இரும்பை அறுக்காது, சூடாகித் தேயும். உலோக பிட்டை ஹேமர் நிலையில் ஓட்டினால் முனை சிதறும். முறிவுகளில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்து வருகிறது. ஆகவே முதலில் பிட்டைப் பாருங்கள், பிறகு மெஷினின் ஹேமர் குறியைப் பாருங்கள்.

1. சென்டர் பஞ்சால் புள்ளி குத்துங்கள். புள்ளி இல்லாமல் தொடங்கினால் பிட் வழுக்கிச் சாயும்.

2. பிட்டைச் சக்குக்குள் ஆழமாகச் செருகுங்கள். வெளியே நீளம் குறைந்தால் வளைவது குறையும்.

3. இரும்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். எதுவும் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் போதும்.

4. 3 மி.மீ. பிட் சாதாரண இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வரை தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதில் பாதி போதும். அங்கே அழுத்தம் விட்டுவிட்டுத் தேய்த்தால் உலோகம் இறுகிவிடும். சீராக அழுத்தி ஒரே மூச்சில் போடுங்கள்.

5. மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் சத்தம் மாறும். அப்போது கையின் பாரத்தை எடுத்துவிடுங்கள். பிட் முறிவது பெரும்பாலும் அந்தக் கடைசி அரை மில்லிமீட்டரில்தான்.

6. பின்னால் சிமெண்டு இருக்கும் என்று சந்தேகம் இருந்தால், சட்டத்தின் தடிமனுக்கு மேல் போகாதபடி பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

3 மி.மீ. பிட் வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். மழுங்கிய பிட்டை அழுத்தி ஓட்டும் கட்டாயம் உங்களுக்கு வராது.